டிரெய்லர் படகுக்கு எந்த இன்ஜின்: உள்ளே டீசலா, பின்னால் அவுட்போர்டா?

முதலில் படகை எடை போடுங்கள். இன்ஜின் விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

எனக்கு ஊர் பாம்பன். பதினாறு வயதில் விசைப்படகின் அடியறையில் படுத்து டீசல் இன்ஜினுக்கு ஆயில் மாற்றப் பழகினேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. துறைமுகத்தை ஒட்டி ஒரு சின்னப் பட்டறையில் படகு இன்ஜின் வேலை. மனைவி வீடு சாட்ஸ்வொர்த்; அவளுடைய முன்னோர்கள் இதே துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் கரைவலை இழுத்தவர்கள். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் தீவு கடற்படைக்குப் போனது, அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் இன்றைக்கும் படகுப் பேச்சு எடுத்தால் சோறு ஆறிவிடும்.

போன மாதம் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். 22 அடிப் பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார். உள்ளே நான்கு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு உண்டு, ஏரா (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாரம்) மேலே தூக்கக்கூடியது, டிரெய்லரில் ஏறும். பின்பலகைக்கு வெளியே தொங்கும் இன்ஜின், அதாவது பழைய அவுட்போர்டு, போய்விட்டது.

"தம்பி, நீ டீசல் ஆள். உள்ளே ஒரு டீசல் வைத்துக் கொடு" என்றார்.

"அண்ணே, வருஷத்துல எத்தனை நாள் இது தண்ணியில கிடக்கும்?"

யோசித்தார். "முப்பது நாள் இருக்கும்."

"மிச்ச நாள்?"

"வீட்டு வாசல்லதான்."

பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. டிரெய்லர் படகு கடலில் இருக்கிற நாளைவிடத் தரையில் நிற்கிற நாள்தான் அதிகம். கடலில் எது நன்றாகத் தள்ளும் என்று மட்டும் பார்த்து இன்ஜின் வாங்குகிறவர்கள் அந்த 335 நாளை மறந்துவிடுகிறார்கள். எந்த இன்ஜின் சும்மா நிற்பதைத் தாங்கும், ரோட்டில் குலுங்குவதைத் தாங்கும், சரிவில் இறங்கி ஏறுவதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

சரி, எடைக்கு வருவோம். படகு, டிரெய்லர், தண்ணீர் கேன், நங்கூரம், சங்கிலி, மெத்தை என்று வழக்கமாக எதெல்லாம் ஏற்றுவீர்களோ அதை எல்லாம் ஏற்றி, பழைய இரும்பு வாங்கும் இடத்தில் உள்ள எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். விற்றவர் சொல்லும் எடையும் கம்பெனி அட்டையில் இருக்கும் எடையும் வெறும் கூட்டின் எடை; நான் நிறுத்துப் பார்த்த எந்தப் படகும் அதோடு பொருந்தியதில்லை. தென்னாப்பிரிக்காவில் 750 கிலோவுக்கு மேல் மொத்த எடை உள்ள டிரெய்லருக்கு பிரேக் இருக்க வேண்டும், ஓட்டுகிறவரிடம் ஈ.பி. லைசென்ஸ் (காரோடு பாரமான டிரெய்லரும் இழுக்கும் உரிமம்) இருக்க வேண்டும். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் 3,500 கிலோ வரைதான் செல்லும். அகலம் 2.5 மீட்டருக்குள். ஆனால் சட்டத்தைவிட முக்கியம் உங்கள் டிரெய்லரின் தகட்டில் அடித்திருக்கும் உச்ச மொத்த எடையும், உங்கள் பக்கி (இங்கே பிக்கப் வண்டிக்குப் பெயர்) எவ்வளவு இழுக்கும் என்ற எண்ணும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில்லில் ஏறும்போதும், திரும்பி வரும்போது அதே சரிவில் இறங்கும்போதும், நூறு கிலோ கூடினாலும் கிளட்சும் பிரேக்கும் சொல்லிவிடும்.

இப்போது இரண்டு இன்ஜினையும் எடையில் வைத்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் கொண்ட சின்ன டீசல், உதாரணமாக யான்மார் 2ஒய்எம்15, கியர்பாக்ஸோடு 110 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அது இன்ஜின் மட்டும். ப்ரொப்பெல்லரைச் சுற்றும் சாஃப்ட், அதன் வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் கிளாண்டு, படகின் அடியில் அதைத் தாங்கும் பி-பிராக்கெட், வாட்டர்லாக், எக்ஸாஸ்ட் குழாய், இன்ஜின் உட்கார மரமும் ஃபைபரும் போட்டுக் கட்டும் மேடை, பெரிய பேட்டரி, 40 லிட்டர் டீசல் எல்லாம் சேர்த்தால் 200 கிலோவை நெருங்கும். 9.9 எச்.பி. ஹை த்ரஸ்ட் அவுட்போர்டு 50 கிலோவை ஒட்டி நிற்கும். 25 லிட்டர் டேங்கோடு 75 கிலோவுக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் 120 கிலோ. இரண்டு ஆள் எடை.

ஆனால் எடை எங்கே உட்காருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டீசலின் 200 கிலோ படகின் நடுவை ஒட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உட்காருகிறது. படகு அதை ஏராவோடு சேர்த்துக்கொள்ளும். அவுட்போர்டின் 50 கிலோ பின்கோடியில் தொங்குகிறது. இரண்டு பேர் பின்னால் வந்து உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி அணியம் (முன்முனை) தூக்கிக்கொள்ளும். 20 அடிக்குக் கீழே உள்ள படகில் இது நன்றாகவே தெரியும். பேட்டரியையும் தண்ணீர் கேனையும் முன்னால் தள்ளி வைத்தால் பாதி சரியாகும்.

எத்தனை எச்.பி. வேண்டும்? ஏராவும் பாரமும் உள்ள இந்த மாதிரிப் படகு தண்ணீரைப் பிளந்து போகிறது. ஸ்பீட் போட் மாதிரி மேலே ஏறி வழுக்கிப் போகாது. அதனால் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 20 அடிக்கு 6 நாட், அதாவது மணிக்கு 6 கடல் மைல். அதற்கு மேல் இன்ஜினைப் பெரிதாக்கினால் அலைதான் பெரிதாகும். டன்னுக்கு 4 எச்.பி. போதும், எதிர்க்காற்றும் நீரோட்டமும் உள்ள இடமானால் 5 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டன் படகுக்கு 10 எச்.பி. சரியான அளவு. 15 எச்.பி. தொட்டால் இங்கே ஸ்கிப்பர் டிக்கெட் (படகோட்டும் உரிமம்) வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். டிக்கெட்டுக்குக் கீழே இருக்கிறோம் என்று படிக்காமல் இருக்காதீர்கள். அந்தப் பாடம் உயிர் காக்கும்.

எச்.பி. எண்ணைவிட ப்ரொப்பெல்லர் முக்கியம். பாரமான படகைத் தள்ளப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். சாதாரண யமஹா 9.9இல் இன்ஜின் சுமார் 2 சுற்று சுற்றினால் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று. அதே கம்பெனியின் ஹை த்ரஸ்ட் வகையில் கிட்டத்தட்ட 3 சுற்றுக்கு ஒன்று. எண் இரண்டிலும் 9.9தான். ஆனால் எதிர்க்காற்றில் இரண்டு டன் படகைத் துறைக்குள் கொண்டுவரும்போது இரண்டும் வேறு வேறு இன்ஜின். ரப்பர் படகிலிருந்து கழற்றிய சாதாரண அவுட்போர்டை மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்மரப் படகில் மாட்டாதீர்கள்.

மேட்டுநிலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள வால் அணை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,480 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எந்த இன்ஜினும், டீசலோ பெட்ரோலோ, 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் பலம் இழக்கும். டர்பனில் 10 எச்.பி. என்றால் அங்கே 8.5. முழு திராட்டிலில் இன்ஜின் உரிய சுற்றுக்கு ஏறவில்லை என்றால் ஒரு அங்குலம் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் போடுங்கள். கார்புரேட்டர் இன்ஜினென்றால் ஜெட்டும் மாற்ற வேண்டிவரும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்ததென்றால் அதுவே சரிசெய்துகொள்ளும்.

இனி தரையில் நிற்கும் நாட்களைப் பற்றி. என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது.

டீசலுக்கு ஓட்டம் வேண்டும். சூடேறி, பாரத்தில், மணிக்கணக்கில் ஓட வேண்டும். டிரெய்லர் படகில் அதற்குக் கிடைப்பது துறையை விட்டு வெளியே பத்து நிமிடம், மாலையில் உள்ளே பத்து நிமிடம். அப்படி ஓடினால் எக்ஸாஸ்ட் எல்போவில் கரி அடைக்கும். பாதி நிறைந்த டேங்கில் வேர்த்துத் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் கறுப்புப் பூஞ்சை வளரும். அது முதல் முரட்டு அலையில் கலங்கி ஃபில்டரை அடைக்கும். எப்போது இன்ஜின் கட்டாயம் வேண்டுமோ, அப்போதுதான் நிற்கும். டேங்கை நிரப்பியே நிறுத்துவதும், அடியில் கிண்ணமுள்ள ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதும் இதற்கு மருந்து.

அப்புறம் குளிர். டர்பன்காரர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. கடல்நீரை நேராக உள்ளே சுற்றவிட்டுக் குளிரும் பழைய டீசல்களில், உதாரணமாக யான்மார் 1ஜிஎம்10இல், படகை மேலே எடுத்த பிறகும் பிளாக்குக்குள் தண்ணீர் தங்கும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சில இரவுகளில் உறைநிலைக்குக் கீழே போகும். தண்ணீர் பனிக்கட்டியானால் விரியும், பிளாக் வெடிக்கும். என்னிடம் ஒரு படகு அப்படி வந்தது: கோடையில் டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பேயில் ஓட்டி, அப்படியே மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டகையில் நிறுத்தி, அடுத்த பருவத்தில் ஸ்டார்ட் செய்தபோது பிளாக்கின் பக்கவாட்டில் இருந்து தண்ணீர் கசிந்தது. ஒரு வடிகால் திருகைத் திறந்துவிட்டிருந்தால் போதும். அவுட்போர்டை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானாக வடிந்துவிடும்; இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது, நேர்கோடு. டீசலும் சாஃப்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். படகு டிரெய்லரில் உட்காரும்போது இரண்டு பலகைமேல் அதன் எடை விழுகிறது. ஃபைபர் கொஞ்சம் வளையும். தண்ணீரில் இறங்கினால் பழைய உருவத்துக்குத் திரும்பும். ஆகவே அலைன்மென்டை டிரெய்லர்மேல் வைத்துப் பார்ப்பது வீண் வேலை. இறக்கி ஒரு நாள் மிதக்க விட்டு, இன்ஜினும் சாஃப்டும் சேரும் கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நான்கு பக்கமும் விட்டுப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் கப்ளிங்குக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அடிக்கடி ரோட்டில் குலுங்கும் படகில் இன்ஜின் மவுன்ட் ரப்பர் சீக்கிரம் தளரும். வருடம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். டிரெய்லரின் உருளை பி-பிராக்கெட்டில் இடித்து சாஃப்ட் வளைந்த படகுகளும் வருகின்றன. பெரும்பாலும் ஒருவரே இருட்டுகிற நேரத்தில் படகை ஏற்ற முயன்றபோது நடந்தவை.

அவுட்போர்டும் கவனிப்பு கேட்கும். கடலில் ஓட்டியதும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டு மூன்று மாதம் நிறுத்தினால் பிசினாகிவிடும்; குழாயைக் கழற்றி, கிண்ணத்தில் உள்ளதை வடித்துவிட்டு நிறுத்துங்கள். கீழ்க்கால் கியர் ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, தண்ணீர் ஏறியிருக்கிறது. குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லர் வருடத்துக்கு ஒன்று. இதெல்லாம் வாசலில் ஒரு தொட்டி வைத்து மதியத்துக்குள் முடிகிற வேலை. முடியாத வேலையென்றால் இன்ஜினை மட்டும் காரில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டு வரலாம். டீசலென்றால் நான் உங்கள் படகுக்குள் தலைகீழாக இறங்க வேண்டும். களவு பயம் உண்டுதான். படகை வெளியில் நிறுத்தினால் இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, டீசல் ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். அதை நான் நேரில் பார்த்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மச்சானோடு அவனுடைய 25 அடிப் படகில் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து டர்பனுக்குக் கிளம்பினோம். கடல்வழி ஏறத்தாழ 90 கடல் மைல். இடையில் இந்த மாதிரிப் படகு ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. இந்தக் கரையில் அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது, சில நாளில் நான்கைந்து நாட் வேகத்தில். எங்கள் ஊரில் கச்சான் என்போமே, கிட்டத்தட்ட அந்தத் திசையிலிருந்து இங்கே தென்மேற்குக் காற்று திடீரென்று அடிக்கும். ஓட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம். அலை குட்டையாகச் செங்குத்தாக எழும்பும். அதனால்தான் காற்று தென்மேற்காகத் திரும்பினால் 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே, கரைப்பக்கம் வந்துவிட வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் பாடம்.

நாங்கள் உள்ளேதான் இருந்தோம். டுகேலா முகத்துவாரத்துக்கு வடக்கே பாரோமீட்டர் இறங்கியது, அரை மணி நேரத்தில் காற்று திரும்பியது. மச்சானின் அவுட்போர்டு 20 அங்குல சாஃப்ட்; அந்த அலைக்கு அதன் கால் குட்டை. அணியம் ஒவ்வொரு அலையிலும் குத்தி இறங்கும்போது பின்பக்கம் தூக்கியது. ப்ரொப்பெல்லர் காற்றில் சுற்றி இன்ஜின் அலறியது. அடுத்த நொடி தண்ணீருக்குள் அடித்து மூழ்கியது. நான் திராட்டிலைக் கையில் பிடித்து ஒவ்வொரு அலைக்கும் குறைத்துக் கூட்டி நின்றேன். கியர் எந்த நிமிடமும் உடையும் என்று தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு மைல்கூட நகரவில்லை. சின்னப் பாயைக் கட்டித் திருப்பிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் பேய்க்கே ஓடினோம். அன்றைக்கு ஒரு டீசல் இருந்திருந்தால், நடுவில் ஆழத்தில் இருக்கும் அதன் ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்காது.

எரிபொருள் கணக்கும் அங்கே டீசல் பக்கம்தான். அந்த 90 மைலை 5 நாட்டில் முழுக்க இன்ஜினில் போனால் 18 மணி நேரம். சின்ன டீசல் மணிக்கு 1.5 லிட்டர் என்றால் 27 லிட்டர். அவுட்போர்டு 3 லிட்டர் என்றால் 54. கூடவே மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு வேண்டும்: டீசலுக்கு 36, பெட்ரோலுக்கு 72 லிட்டர். மூன்று கேன் பெட்ரோலைச் சின்னப் படகில் எங்கே வைப்பீர்கள்? பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பாரம். படகின் அடியில் போய்த் தங்கும். அடுப்பு பற்ற வைக்கிற அதே இடம். டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றும் ஆவி விடும். பெட்ரோல் நடுக்கும் குளிரிலும் விடும். பெட்ரோல் டேங்க் படகின் உள்ளறையோடு சேராத, அடியில் வெளியே வடியும் துளையுள்ள பெட்டியில்தான் இருக்க வேண்டும். இந்த ஒன்றில் யாரிடமும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆகவே, வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் படகைத் தண்ணீரில் விட்டுவைப்பவர், துறைமுகம் விட்டுத் துறைமுகம் போகிறவர், 25 அடிக்கு மேல் உள்ள படகை வருடம் ஒருமுறை மட்டும் ரோட்டில் ஏற்றுகிறவர் டீசல் வைக்கட்டும். ஏற்கெனவே நல்ல டீசல் உள்ள படகு கிடைத்தாலும் அதை எடுத்துவிட்டு அவுட்போர்டு மாட்டாதீர்கள். ஆனால் டீசல் இல்லாத படகில் புதிதாக ஒன்றை இறக்குவது, படகின் விலையையே தாண்டுகிற வேலை. மிட்மார், வால் அணைகள், நைஸ்னா, லாங்கபான் காயல்கள், ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குள் என்று மாறி மாறிப் போகிறவருக்கு அவுட்போர்டுதான்.

பழைய டீசலோடு படகு வாங்குகிறீர்களா? நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். கையை வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் எக்ஸாஸ்டில் தண்ணீர் துப்புகிறதா பாருங்கள். படகைக் கரையோடு கட்டி, கியர் போட்டு, முக்கால் திராட்டிலில் இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். சும்மா ஓடும்போது எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான்.

ஆசிரியரின் படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றினோம். இன்ஜின் இல்லாமலே 2,310 கிலோ. டிரெய்லர் தகட்டில் 2,500. டீசல் என்ற பேச்சு அங்கேயே நின்றது. 9.9 ஹை த்ரஸ்ட், 25 அங்குல சாஃப்ட், கரன்ட் ஸ்டார்ட் உள்ளது வாங்கச் சொன்னேன். பின்பலகையில் மேலும் கீழும் இறங்கும் பிராக்கெட்; ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகு நிறைய ஆள் இருக்கும்போதும் அணியத்தில் ஒருவர் போய் நிற்கும்போதும் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும்படி உயரம் வைத்தேன். பலகைக்கு உட்பக்கம் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு கொடுத்து, நான்கு போல்ட்டையும் அதன்மேல் இறுக்கினேன். மரத்தில் துளைத்த இடத்தில் எபாக்ஸி பூசாமல் போல்ட் போட்டால் இரண்டு வருடத்தில் பலகை ஊறிவிடும்.

முதல் ஓட்டம் மிட்மாரில். முதல் பத்து மணி நேரம் முழு திராட்டில் கொடுக்க வேண்டாம், ஒரே வேகத்திலும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்ததும் அந்த நான்கு போல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும்; இருபது மணி நேரத்தில் இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மாற்ற வேண்டும். வாசலிலேயே எப்படிச் செய்வது என்று காட்ட, தொட்டியோடு அடுத்த சனிக்கிழமை ஃபீனிக்ஸுக்குப் போகிறேன்.